டர்பனில் தொண்டு நிறுவன வேலை: எங்கிருந்து தொடங்குவது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கம் இருந்துகொண்டு தொண்டு நிறுவன வேலைக்குப் போக நினைப்பவர், விண்ணப்பம் எழுதும் முன் அருகிலுள்ள சட்ட ஆலோசனை மையத்தில் வாரம் ஒரு காலை போய் உட்காருங்கள். சாசா என்ற அரசு சமூக உதவி முகமை தரும் உதவித்தொகை நின்றுபோன பாட்டி வருவார், வாடகை வீட்டிலிருந்து விரட்டப்பட்டவர் வருவார். பலர் சுலு மொழியில்தான் பேசுவார்கள். 'சாவுபோனா' என்று வணக்கம் சொல்ல மட்டும் தெரிந்தால் பிழைக்க முடியாது. தேதி, பணம், உறவுமுறை மூன்றையும் கேட்டுப் புரிந்துகொள்ளும் அளவுக்காவது கற்றுக்கொள்ளுங்கள்.

கை தேற வேண்டியது புகார் எழுதுவதில். 'இனவெறியோடு நடத்தினார்கள்' என்று மொட்டையாக எழுதிய காகிதம் எதற்கும் உதவாது. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தக் கவுண்டர், சொன்ன சொல் என்ன, கூட நின்றவர் யார்? அந்தச் சொல்லைச் சொன்ன மொழியிலேயே எழுதுங்கள். வசவை நாம் நாகரிகமாக்கி எழுதும் இடத்தில்தான் வழக்கு நழுவும்.

அடுத்தது, எங்கே அனுப்புவது. 2000-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி இயங்கும் சமத்துவ நீதிமன்றத்தில் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை; படிவம் 2-ஐ நிரப்பி எழுத்தரிடம் கொடுக்க வேண்டும். டர்பனில் பள்ளிக்கு மூக்குத்தி போட்டு வந்த தமிழ்ப் பெண்ணின் வழக்கு அங்கேதான் தொடங்கியது. முதலில் தோற்றது, உயர் நீதிமன்றத்தில் வென்றது, 2007-இல் அரசியல் சாசன நீதிமன்றத்திலும் நிலைத்தது. வேலையிடத்துப் பாகுபாடு மட்டும் தொழில் தகராறுகளைத் தீர்க்கும் சி.சி.எம்.ஏ. ஆணையத்துக்குப் போக வேண்டும்: பாகுபாட்டுக்கு 6 மாதம், பணிநீக்கம் என்றால் 30 நாள்தான். தவறான கதவைத் தட்டிக்கொண்டிருந்தால் அந்த 30 நாள் கரைந்துவிடும்.

'சமூகப் பணியாளர்' என்று போட்டுக்கொள்ள நான்கு ஆண்டுப் பட்டமும் சமூக சேவைத் தொழில் கவுன்சிலில் பதிவும் வேண்டும். குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பு உண்டு. அவ்வளவு காலம் முடியாதவர் துணைப் பணியாளராகலாம், அதற்கும் பதிவு உண்டு. குழந்தைகளோடு வேலை என்றால் படிவம் 30 அனுப்பி, குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் 'பி' பகுதியில் (குழந்தைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்களின் பட்டியல்) பெயர் இல்லை என்ற சான்றை முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள்.

வேலை தருகிறோம் என்பவர்களிடம் என்.பி.ஓ. எண்ணை, அதாவது லாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிவான எண்ணை, கேளுங்கள். நிதியாண்டு முடிந்த 9 மாதத்துக்குள் அறிக்கை கொடுக்காத அமைப்பின் பதிவு ரத்தாகலாம்; பிறகு மானியம் நிற்கும், அதன் பின்னே உங்கள் சம்பளமும். (கோயில் கமிட்டிகளில் மனிதர்கள் தங்கமானவர்கள், ரசீதுகள்தான் செருப்புப் பெட்டியில் கிடக்கும்.) கையெழுத்துப் போடும் முன் இன்னொன்றும் கேளுங்கள்: இந்தப் பதவிக்கான பணம் யாருடையது, எந்த மாதம் வரை?