கேஸ் அடுப்பு பற்றவில்லையா? சிலிண்டரிலிருந்து பர்னர் வரை வரிசையாகப் பாருங்கள்

விடிகாலையில் பால் காய்ச்சப் போனால் அடுப்பு பற்றவில்லை. பதற்றத்தில் குமிழைத் திரும்பத் திரும்பத் திருப்பி, லைட்டரை அழுத்திக்கொண்டே இருப்போம். முதலில் அதை நிறுத்துங்கள். எல்லாக் குமிழ்களையும் மூடிவிட்டு முகர்ந்து பாருங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். அதனால் குனிந்தும் பாருங்கள். வாடை அடித்தால் இந்தக் குறிப்பை மூடிவையுங்கள். ரெகுலேட்டரை அணைத்து, கதவு ஜன்னலைத் திறந்து, எந்த மின் சுவிட்சையும் போடாமலும் அணைக்காமலும் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய் 1906 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

வாடை இல்லையென்றால் மேலே படியுங்கள்.

படி 1: ஒரு பர்னரா, எல்லாமா?

பாதி வேலை இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும். ஒன்று மட்டும் எரியவில்லை என்றால் சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப் மூன்றும் நன்றாகவே இருக்கின்றன. நேராகப் படி 5-க்குப் போங்கள். தானாகப் பற்றும் அடுப்பாக இருந்தால் காதைக் கொடுத்துக் கேளுங்கள். 'உஸ்' என்று சத்தம் வந்தால் கேஸ் வருகிறது, பொறிதான் வரவில்லை. குமிழை உடனே மூடிவிட்டு, பரவிய கேஸ் கலைந்த பிறகு கை லைட்டரால் பற்றவையுங்கள்.

படி 2: சிலிண்டரில் கேஸ் இருக்கிறதா?

சிலிண்டரின் மேல்பக்கத் தகட்டில் காலி எடை பொறித்திருக்கும். நிறைத்துத் தருவது 14.2 கிலோ. எடை பார்க்க வழியில்லாவிட்டால் ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழ்வரை துடைத்துவிட்டுக் காத்திருங்கள். உள்ளே திரவம் இருக்கும் உயரம் வரை ஈரம் மெதுவாகக் காயும், அதற்கு மேலே சீக்கிரம் காய்ந்துவிடும்.

கேஸ் தீரும் நேரத்தில் சிலிண்டரைச் சாய்த்தும் படுக்கவைத்தும் எரிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும். உள்ளே இருப்பது திரவம். அது ஆவியாகாமல் அப்படியே ரெகுலேட்டருக்குள் இறங்கினால், ஆவியாகும்போது சுமார் 250 மடங்கு பெருகும். அடுப்பு அதைத் தாங்காது. ஊட்டி, கொடைக்கானல் குளிரில் கேஸ் மந்தமாக வருவதற்குக் காரணம் வேறு. சமையல் எரிவாயு என்பது புரோப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பியூட்டேனுக்கோ மைனஸ் 0.5 டிகிரியாவது வேண்டும். குளிரக் குளிர பியூட்டேனின் அழுத்தம் குறைந்துகொண்டே போகும். அதற்காகச் சிலிண்டர்மேல் வெந்நீர் ஊற்றவே கூடாது.

படி 3: ரெகுலேட்டர்

சிலிண்டர் மாற்றிய உடனே கேஸ் வரவில்லை என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். குமிழை அணைத்து, கழற்றி, நேராக வைத்து மறுபடி பொருத்துங்கள். மேலே இழுத்தால் கழன்று வரக்கூடாது. சரியாக உட்காராத ரெகுலேட்டரின் குமிழ் திரும்பாது, பலவந்தப்படுத்தாதீர்கள். பொருத்திய பிறகும் கேஸ் வராவிட்டால் வால்வின் நடுவிலுள்ள ஊசியைக் குச்சியாலோ கம்பியாலோ குத்த வேண்டாம். பாதுகாப்பு மூடியைப் போட்டுவிட்டு ஏஜென்சிக்குச் சொல்லுங்கள். புது சிலிண்டர் மாட்டியதும் டியூபில் இருக்கும் காற்றுதான் முதலில் வரும். ஐந்து நொடியில் பற்றாவிட்டால் மூடி, சற்றுப் பொறுத்து, மறுபடி முயலுங்கள்.

படி 4: டியூப்

என் அம்மா வீட்டில் ஒருமுறை இரண்டு பர்னரும் மெழுகுவத்தி மாதிரி எரிந்து அணைந்துகொண்டே இருந்தன. சிலிண்டரை மாற்றினோம், ரெகுலேட்டரையும் மாற்றினோம். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பார்த்தால், கேஸ் டியூப் மேடைக்கல்லின் ஓட்டை வழியாக ஏறும் இடத்தில் மடிந்து கிடந்தது. சிலிண்டரைச் சுவரோடு ஒட்டித் தள்ளியதில் வந்த வினை. அன்றிலிருந்து எதையும் மாற்றுவதற்கு முன் டியூபை முழு நீளத்துக்கும் கையால் தடவிப் பார்த்துவிடுகிறேன். மடிப்பு, நசுங்கல், வெடிப்பு, எலி கடித்த தடம் எதுவும் இருக்கக் கூடாது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை டியூபை மாற்றியே ஆகவேண்டும்.

படி 5: பர்னரும் ஜெட்டும்

ரெகுலேட்டரை அணையுங்கள். அடுப்பு ஆறியதும் பர்னர் மூடியை எடுத்து வெந்நீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேயுங்கள். பொங்கி வழிந்த பாலும் சாம்பாரும் துளைகளை அடைத்திருக்கும். நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள்.

அப்படியும் எரியவில்லை என்றால் ஜெட்டில் அடைப்பு. அது குமிழுக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பித்தளைத் துண்டு. அதன் துளை மயிரிழை அளவுதான். ஒரு தூசி போதும் அடைக்க. அடுப்பு ரிப்பேர்க் கடையில் விற்கும் மெல்லிய 'பின்' கொண்டு மட்டும் குத்துங்கள். ஊக்கு, தையல் ஊசி வேண்டாம். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும். பிறகு தீ மஞ்சளாக எரிந்து பாத்திரமெல்லாம் கரி பிடிக்கும். ஜெட்டிலிருந்து பர்னருக்குப் போகும் குழாயில் சிலந்தி கூடு கட்டியிருப்பதும் உண்டு, முக்கியமாக ஊருக்குப் போய்வந்த வீடுகளில். குமிழே இறுகித் திரும்பாவிட்டால் அதைப் பிரிக்காதீர்கள். அது மெக்கானிக்கின் வேலை.

எல்லாவற்றையும் மாட்டியபின், அடுப்புக் குமிழ்கள் மூடியிருக்க ரெகுலேட்டரைத் திறந்து, இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவுங்கள். தீக்குச்சியால் சோதிக்கவே கூடாது. குமிழி கிளம்பினால் உடனே அணைத்துவிட்டு ஏஜென்சியைக் கூப்பிடுங்கள். கிளம்பாவிட்டால் பற்றவைத்து, தீ நீலமாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பாலை ஏற்றுங்கள்.