வெள்ளம் வடிந்ததும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கா? முதலில் இதைச் செய்யுங்கள்

வங்கதேசத்தில் வெள்ளம் வந்தால் கழிப்பறையும் அடிபம்பும் ஒரே தண்ணீரில் மூழ்கிவிடும், அப்புறம் காலராவும் வயிற்றுப்போக்கும் கிளம்பும்போது முதலில் துவண்டு போவது அரைவயிற்றோடு இருக்கும் சின்னக் குழந்தைகள்தான்.

ஓஆர்எஸ் பாக்கெட் (உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் பொடி) இருந்தால் அதுதான் நல்லது. இல்லையா? சரி, கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கரையுங்கள். உப்பு இந்த அளவுக்கு மேல் போகவே கூடாது. 2 வயதுக்குள் என்றால், ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு மறுபடி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம்.

இவ்வளவு எளிய கரைசலா காப்பாற்றும் என்று தோன்றலாம். 1971இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த, மேற்கு வங்கத்தின் பொங்காவ் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இது போன்ற கரைசலைத்தான் டிரம்களில் வைத்துக் கொடுத்தார். 30 சதவீதம் அளவுக்கு இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

கரைசலோடு கூடவே 10 முதல் 14 நாள் துத்தநாக (ஜிங்க்) மாத்திரை. தண்ணீரைக் கொதிக்க வைக்க விறகே இல்லாவிட்டால், பழைய பருத்திச் சேலையை எட்டு மடிப்பாக்கி வடிகட்டுங்கள். முழுப் பாதுகாப்பு இல்லை, ஆனால் காலரா நன்றாகவே குறைகிறது.

கண் குழிந்து, குடிக்கவும் முடியாமல் குழந்தை சோர்ந்து கிடந்தால் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.