கேசட்டைத் திருப்பிப் போட்டால் போதும்

சைகடெலிக் ஃபோக் ராக்கில் (கனவு மாதிரி விநோத ஒலிகள் கலந்த நாட்டுப்புற ராக் இசை) கிட்டார் பின்னோக்கி இழுபடுவதுபோல் கேட்குமே, அதற்குப் பெரிய ஸ்டூடியோ வேண்டாம். 1979-இல் வந்த டாஸ்காம் போர்ட்டாஸ்டூடியோ மாதிரி ஒரு நான்கு டிராக் கேசட் ரெக்கார்டர் போதும்; ஒரே டேப்பில் குரல், கிட்டார் என்று நான்கு தனித்தனித் தடங்களாகப் பதியலாம். அமெரிக்காவின் எலிஃபன்ட் 6 என்ற கூட்டணியின் இசைக்காரர்கள் 1990-களில் வீட்டில் இப்படிப்பட்ட கருவிகளில்தான் நிறையப் பதிவு செய்தார்கள்.

கேசட்டைத் திருப்பிப் போடுங்கள். நான்கு டிராக்கும் ஒரே திசையில் பதிந்திருப்பதால், மறுபக்கப் பாட்டு வராது; அதே பாட்டு தலைகீழாக ஓடும். அதைக் கேட்டபடியே கிட்டாரை வாசித்துப் பதியுங்கள். மறுபடி திருப்பினால் ஒவ்வொரு சுரமும் மெல்ல வீங்கி வந்து சட்டென்று அறுபடும். டேப் இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். எனக்கென்னவோ பாதி அழகு அதில்தான்.

ஒன்றில் கவனம்: திருப்பியதும் டிராக் வரிசையும் மாறும். 1-இல் இருந்த குரல் இப்போது 4-இல். பார்க்காமல் அங்கே பதிந்தால் குரல் போச்சு!

ரெக்கார்டர் இல்லையென்றால் கணினியில் ஒலியைத் திருத்தும் ஆடாசிட்டி மென்பொருளில் ரிவர்ஸ் (தலைகீழாக்கும் வசதி) இருக்கிறது, இலவசம்தான்.