மாத்திரை போட்டுவிட்டு ரத்தம் கொடுக்காதீர்கள்: கல்லீரல் மாற்றுக்குப் பின் நடக்கும் தவறுகள்

என் பெரியப்பாவுக்குக் கல்லீரல் மாற்றி ஐந்தாவது மாதம். புதுக் கல்லீரலை உடம்பு எதிர்க்காமல் இருக்கத் தரும் டாக்ரோலிமஸ் மாத்திரையைக் காலை எட்டு மணிக்கு விழுங்கிவிட்டு, பத்து மணிக்கு லேபில் ரத்தம் கொடுத்தார். வெறும் வயிற்றோடுதானே போனார் என்று நாங்களும் இருந்துவிட்டோம். மருந்தின் லெவல் அதிகம் என்று ரிசல்ட் வந்தது. டாக்டர் மாத்திரை அளவைக் குறைத்தார். மூன்றே வாரத்தில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. அளவு ஏறியது. கல்லீரலில் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள் (பயாப்ஸி): நிராகரிப்பு, அதாவது புதுக் கல்லீரலை உடம்பு எதிர்க்கிறது.

வழக்கமான டாக்ரோலிமஸை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். அடுத்த வேளைக்குச் சற்று முன், மருந்தின் அளவு நன்றாகக் குறைந்திருக்கும் நேரத்தில் ரத்தத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைத்தான் அந்தப் பரிசோதனை பார்க்கிறது. விழுங்கிய இரண்டு மணி நேரத்தில் எடுத்தால் உச்சத்தில் இருப்பதைத்தான் காட்டும். அதை நம்பி அளவைக் குறைத்தால் மருந்து போதாமல் போய்விடும். ஆகவே பரிசோதனை நாளன்று மாத்திரையைக் கையோடு கொண்டுபோங்கள். ரத்தம் கொடுத்த பிறகு அங்கேயே விழுங்கலாம். முந்தின இரவு எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதையும் லேபில் சொல்லுங்கள்.

நிராகரிப்பு என்றதும் கல்லீரலே போயிற்று என்று நாங்கள் அழுதோம். அப்படியில்லை. சிறுநீரகம், இதயம் போன்றவற்றோடு ஒப்பிட்டால் மாற்றுக் கல்லீரலை உடம்பு ஓரளவு சகித்துக்கொள்ளும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சில நாள் ஸ்டீராய்டு ஊசியிலேயே அடங்கிவிடும், பெரியப்பாவுக்கும் அடங்கியது. சிக்கல் என்னவென்றால், ஆரம்பத்தில் அது வெளியே தெரியாது. கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்ந்து போவது, காய்ச்சல், அசதி எல்லாம் பிறகு வருபவை. முதலில் காட்டிக்கொடுப்பது ரத்தப் பரிசோதனைதான். "நல்லாத்தானே இருக்கேன், அடுத்த மாசம் போய்க்கலாம்" என்று தள்ளிப்போடுவது, அதுவும் முதல் சில மாதங்களில், ஆபத்து.

பக்கத்துத் தெரு கிளினிக்கில் சளிக்கு எழுதித் தரும் மாத்திரையும் கணக்கைக் கெடுக்கலாம். கிளாரித்ரோமைசின், ஃப்ளுகோனசோல் போன்றவை டாக்ரோலிமஸை ஏற்றிவிடும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின் இரண்டும் இறக்கிவிடும். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். கல்லீரல் மாற்று சிகிச்சை செய்த டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள். பம்பளிமாஸ் பழமும் வேண்டாம், அதுவும் இந்தக் கணக்கைக் கெடுக்கும்.

சொந்தக்காரர்கள் அன்போடு கொண்டுவரும் 'எதிர்ப்பு சக்தி' கஷாயம் எனக்குத் தனி எரிச்சல். எதிர்ப்பு சக்தியை அடக்கத்தானே இத்தனை மாத்திரையும்! சீந்தில் குடித்தவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை, கொரோனா காலத்தில் இந்திய மருத்துவர்களே பதிவுசெய்திருக்கிறார்கள்.

மருந்துக்கடையில் "இதுவும் அதே மருந்துதான்" என்று வேறு பிராண்டைக் கொடுத்தால் வாங்காதீர்கள். டாக்ரோலிமஸில் நாளுக்கு ஒரு வேளை போடுவது, இரு வேளை போடுவது என இரண்டு வகை உண்டு, மாறிப்போனால் வினை. ஒரு வேளை மாத்திரையை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது. வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். வயிற்றுப்போக்கில் லெவல் ஏறவும் செய்யும்.