சேலத்திலிருந்து கடலுக்கு: டிரெய்லரில் இழுத்துப் போகக்கூடிய பெரிய சென்டர் கன்சோல் படகைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மீன்பிடிக்கப் படகு வாங்கப் போகிறோம் என்றதும் சங்ககிரி மாமா கேட்ட முதல் கேள்வி: "ஏற்காடு ஏரியில உடறதுக்கா கண்ணு?"

நியாயமான கேள்விதான். நமக்குப் பக்கத்துக் கடல் என்றால் கடலூர், புதுச்சேரி. ஏறக்குறைய 200 கி.மீ. கடலோரத்தில் குடியிருப்பவர் படகைப் பார்த்துப் படகு வாங்கலாம். நாம் ரோட்டைப் பார்த்து வாங்க வேண்டியவர்கள். அதனால் இந்த விளக்கத்தில் டிரெய்லரும் வண்டியும் முதலில் வரும், படகு பிறகுதான் வரும்.

மேட்டூர் இருக்கிறதே என்பீர்கள். 1934இல் கட்டி முடித்த, 120 அடி வரை நீர் தேக்கும் அணைதான், நீர்ப்பரப்புக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே பரிசலில் மீன் பிடிப்பவர்களின் பிழைப்பு இருக்கிறது. அனுமதி இல்லாமல் மோட்டார் படகை இறக்கவும் முடியாது. தவிர, கடல் அலைக்காகச் செய்த படகை அணைத்தண்ணீரில் ஓட்டுவது, டிப்பர் லாரியில் மளிகைக்கடைக்குப் போகிற மாதிரி.

சென்டர் கன்சோல் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: ஸ்டீயரிங், மீட்டர்கள் எல்லாம் படகின் நடுவில் ஒரு மேடையில் இருக்கும். சுற்றிலும் தடையில்லாமல் நடக்கலாம். தூண்டிலில் பெரிய மீன் மாட்டி அது முன்னும் பின்னும் இழுத்தால் நீங்களும் கூடவே நடந்து போகலாம். தங்க அறை கிடையாது. நிழலுக்கு டி டாப் என்கிற கூரை மட்டும் இருக்கும். நம் வெயிலுக்கு அது இல்லாத படகைப் பார்க்கவே வேண்டாம்.

படி 1: டேப்பை எடுங்கள்

நம் நாட்டு மோட்டார் வாகன விதிப்படி வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவிலும் பெரும்பாலான சாலைகளில் வரம்பு 8 அடி 6 அங்குலம், அதாவது 2.59 மீட்டர். அங்கே செய்யும் 23 முதல் 26 அடி சென்டர் கன்சோல்களில் பலவும் 8 அடி 6 அங்குல அகலத்தோடு நின்றுவிடுவது இதனால்தான். 28 அடிக்கு மேல் போனால் பெரும்பாலும் அகலமும் 9 அடியைத் தாண்டிவிடும். ஆகவே "பெரிய படகு, ஆனால் இழுத்துப் போகணும்" என்றால் உங்கள் எல்லை 26 அடி. புதிதாகத் தொடங்குகிறவருக்கு 23, 24 அடியே போதும் என்பது என் கருத்து.

டிரெய்லர் மேல் ஏற்றியபின் டி டாப்பின் உச்சி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்றும் அளந்து எழுதி வையுங்கள். ரயில்வே சப்வேக்களும் தெருவில் தாழ்ந்து தொங்கும் கரண்ட் கம்பிகளும் உங்களுக்காக உயரப் போவதில்லை.

படி 2: எடைக் கணக்கு

எல்லாரும் ஏமாறும் இடம் இது. விளம்பரத் தாளில் இருக்கும் எடை பெரும்பாலும் வெறும் கூட்டின் எடை. நாங்கள் முதலில் பார்த்த 24 அடி செகண்ட் ஹேண்ட் படகுக்கு, விற்க வந்தவர் "எல்லாம் சேர்த்து ரெண்டு டன்தாங்க" என்றார். உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். கூடு 1,750 கிலோ. 150 எச்.பி. எஞ்சின் இரண்டு, ஒவ்வொன்றும் சுமார் 220, ஆக 440. டிரெய்லர் 600. டி டாப், பேட்டரி, நங்கூரம், கயிறு, ஐஸ் பெட்டி எல்லாம் 300. இதற்கே 3,090 ஆகிவிட்டது, டேங்க் காலியாக இருக்கும்போதே. பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ என்றால் 450 லிட்டருக்கு இன்னும் 340.

மாமா நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர். அவருக்குப் பேப்பர் கணக்கில் நம்பிக்கை இல்லை. பக்கத்தில் இருந்த எடை மேடைக்கு இழுத்து வரச் சொல்லி, டிரெய்லரை மட்டும் கழற்றி நிறுத்தினார். 3,210 காட்டியது. கணக்குக்கு மேல் 120 கிலோ. "இந்த நூத்தி இருவது எங்கிருந்து வந்துச்சு?" என்றார். விற்க வந்தவரிடம் பதில் இல்லை. விடை படி 4இல் கிடைத்தது.

மேடையில் இருக்கும்போதே இன்னொன்றும் பாருங்கள். வண்டியோடு மாட்டியபடி டிரெய்லர் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி மறுபடி எடை போடுங்கள். முதல் எடைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்தான் கொக்கி மேல் விழும் பாரம். படகு டிரெய்லருக்கு அது மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் இருக்க வேண்டும். எங்களுக்கு 110 கிலோதான் வந்தது, மூன்றரை சதவீதம்கூட இல்லை. இப்படிப் பின்பாரம் அதிகமானால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும், பிறகு வண்டியையும் சேர்த்து ஆட்டும். படகின் மூக்கை இழுத்துக் கட்டும் வின்ச் கம்பத்தை நகர்த்திப் படகை முன்னுக்குத் தள்ளினால் சரியாகக்கூடியதுதான். ஆனால் அளக்காமல் தெரியாது.

படி 3: வண்டியும் பிரேக்கும்

வெளிநாட்டு வீடியோக்களில் டொயோட்டா ஹைலக்ஸ் 3,500 கிலோ இழுக்கும் என்பார்கள். அது பிரேக் உள்ள டிரெய்லருக்கு. பிரேக் இல்லாவிட்டால் அதே வண்டிக்கு 750 கிலோதான். நீங்கள் பார்க்க வேண்டியது இங்கே விற்கும் உங்கள் வண்டியின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறது என்பதை. அதிலும் 80, 85 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டிரெய்லருக்கும் ஆர்.டி.ஓ. பதிவு வேண்டும், மறக்காதீர்கள்.

மாமா தொப்பூர் கணவாயில் லோடு லாரியோடு இறங்கிப் பழகியவர். "இழுக்கறது பெருசில்ல கண்ணு, நிக்கோணும்" என்பார். படகு டிரெய்லர்களில் அதிகம் வருவது சர்ஜ் பிரேக். வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும். அந்தத் தள்ளல் கொக்கிப் பகுதியில் இருக்கும் சிலிண்டரை அழுத்தி டிரெய்லர் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். ஒயர் வேண்டாம், எளிது. ஆனால் நீண்ட இறக்கத்தில் டிரெய்லர் தள்ளிக்கொண்டே இருக்கும், பிரேக்கும் பிடித்துக்கொண்டே இருந்து சூடேறும். முதலிலேயே கியரைக் குறைத்து மெதுவாக இறங்குங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. படகு டிரெய்லர் ஓடியே தேய்வதில்லை, நின்றே கெடும். பட்டன் புதிதாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள்.

படி 4: இனிமேல்தான் படகு

அடிப்பாகம் ஆழமான வி வடிவமாக இருந்தால் அலையைக் கிழித்துப் போகும், இடுப்பு தப்பிக்கும். எஞ்சின் மாட்டும் பின்பலகை அருகே அந்த வியின் சாய்வு 24 டிகிரி என்றால் ஓட்டம் மெத்தென்றிருக்கும், ஆனால் நின்று மீன் பிடிக்கும்போது அதிகம் உருளும், இறக்குவதற்கு ஆழத் தண்ணீரும் கேட்கும். 20 டிகிரியை ஒட்டி இருப்பது நமக்கு நல்ல சமரசம்.

எஞ்சின் ஒன்றா, இரண்டா? நடுக்கடலில் ஒன்று நின்றால் இன்னொன்று கரை சேர்க்கும் என்பது உண்மை. ஆனால் 300 எச்.பி. ஒற்றை எஞ்சின் ஏறக்குறைய 250 கிலோதான், இரட்டை 150ஐவிட 190 கிலோ மிச்சம். 200 கி.மீ. இழுக்கும் நான் ஒற்றைக்கே ஓட்டுப் போடுவேன், கூடவே கரை திரும்ப மட்டும் ஒரு சிறிய எஞ்சின்.

பழைய படகென்றால் ஒரு பிளாஸ்டிக் சுத்தியல் கொண்டு போங்கள். தளத்தையும் பின்பலகையையும் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் "டொக்" என்று கணீரெனப் பேசும், ஊறிய இடம் "தொப்" என்று விழும். பின்பலகையின் வலப்பக்க மூலையில் மாமா தட்டியபோது சத்தம் மாறியது. எஞ்சினைப் பாதி தூக்கி வைத்து அதன் அடிநுனியை மேலும் கீழும் அசைத்தோம், பலகையும் கூடவே அசைந்தது. ஃபைபருக்குள் இருக்கும் மரம் தண்ணீர் குடித்து உளுத்திருந்தது, கீழே மிதப்புக்காக அடைத்த ஃபோமும் ஊறியிருக்கும். எடை மேடையில் வந்த 120 கிலோ அந்தத் தண்ணீர்தான். மாமா சுத்தியலைப் பைக்குள் போட்டுவிட்டு டீ சாப்பிடலாம் என்றார், அதற்குமேல் விலை பேசவில்லை.

படி 5: இறக்கும் இடம்

காசு கொடுக்கும் முன் ஒருமுறை கரைக்குப் போய், ஓதம் வற்றும் நேரத்தில் சரிவுத் தளத்தின் அடிமுனையைப் பாருங்கள். கான்கிரீட் தண்ணீருக்குள் எவ்வளவு தூரம் போகிறது, பாசி பிடித்திருக்கிறதா என்று தெரியும். மணலில் தள்ளி இறக்கும் வேலை நம்மூர் மீனவர்களின் ஃபைபர் படகுக்குச் சரி, மூன்று டன்னுக்கு ஆகாது. படகுப் பதிவையும் மீன்பிடி அனுமதியையும் மீன்வளத் துறை அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், லீவுத் திட்டத்தை அதற்கேற்பப் போடுங்கள்.

படி 6: முதல் பயணம்

ஆத்தூரில் டீக்கு நிறுத்தும்போது ஒவ்வொரு டிரெய்லர் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பிலும் கை வையுங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறது. கரை சேர்ந்ததும் அவசரப்பட்டு இறக்காதீர்கள். சூடான ஹப் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி உப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், அடுத்த மாதம் பேரிங் அரைக்கும். அரை மணி நேரம் நிறுத்தி, அதற்குள் படகின் வடிகால் ஓட்டையை அடைப்பானால் திருகி மூடிவிடுங்கள். நாங்கள் கடைசியில் வாங்கிய 23 அடி படகை முதல் நாள் இறக்கியபோது அதை மறந்துவிட்டோம். கணுக்கால் அளவு தண்ணீர் ஏறிய பிறகு மாமாதான் கண்டுபிடித்தார்.