அமெரிக்க ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிபதி ஆக: இருபது வயதிலேயே தொடங்க வேண்டிய கோப்பு

இது தேர்வு எழுதிப் பிடிக்கும் பதவி அல்ல. 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் மொத்தம் 179 இடங்கள். இடம் காலியானால் ஜனாதிபதி ஒருவர் பெயரை முன்மொழிந்து அனுப்புவார், நாடாளுமன்ற மேலவையான செனட் ஓட்டுப் போடும். அரசியல் சாசனம் வயதும் கேட்கவில்லை, சட்டப் பட்டமும் கேட்கவில்லை. ஆனால் வக்கீல்களின் அமைப்பான அமெரிக்க பார் சங்கம் 12 வருட சட்ட அனுபவத்தை எதிர்பார்க்கிறது.

சட்டப் படிப்பு முடிந்ததும் ஒரு நீதிபதியிடம் கிளார்க்காகச் சேருங்கள். நம்மூர் குமாஸ்தா வேலை என்று நினைத்துவிடாதீர்கள். வழக்கை அலசி, தீர்ப்பின் முதல் வரைவை எழுதும் வேலை அது. திருநெல்வேலி பக்கத்து மேல திருவேங்கடநாதபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்டு, இந்தப் பதவிக்கு வந்த ஸ்ரீ சீனிவாசன் முதலில் நான்காவது சர்க்யூட் (அந்த 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்று) நீதிமன்றத்திலும், பிறகு உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானரிடமும் கிளார்க்காக இருந்தவர். அதன்பின் அரசுக்காகவும் தனியார் தரப்பிலும் உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார்.

பெயர் முன்மொழியப்பட்டவர்களில் பலர் சறுக்குவது, அவர்களைப் பரிசீலிக்கும் செனட் நீதிக் குழுவின் கேள்விப் பட்டியலில்தான். எழுதிய கட்டுரை, பேசிய மேடை, கொடுத்த பேட்டி எதையும் விடக் கூடாது. பேச்சின் பிரதி இல்லையென்றால் தேதி, அழைத்த அமைப்பின் பெயர், முகவரி, பேச்சின் சுருக்கம் வேண்டும். குறிப்பு வைத்துப் பேசியிருந்தால் அந்தக் குறிப்பையே கேட்பார்கள். நடத்தியவற்றில் முக்கியமான 10 வழக்குகளுக்கு நீதிமன்றம், நீதிபதி, எதிர்த்தரப்பு வக்கீலின் தொலைபேசி எண் வரை தர வேண்டும். இருபது வருடம் கழித்து இதையெல்லாம் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. அதனால் கல்லூரி நாளிலேயே ஒரு கோப்பு திறந்து, பேசிவிட்டு வந்த அன்றே பதிந்துவிடுங்கள். 2010-இல் இந்தப் பதவிக்கு முன்மொழியப்பட்ட குட்வின் லியு முதலில் விட்டுப்போன 117 உருப்படிகளைப் பிறகு சேர்த்தார்; எதிரணி அதையே பிடித்துக்கொண்டது. 2011-இல் விவாதத்தை முடிக்கத் தேவையான 60 ஓட்டு கிடைக்காமல் அவர் விலகினார். 2013 நவம்பருக்குப் பிறகு விவாதத்தை முடிக்கச் சாதாரணப் பெரும்பான்மையே போதும்.

ஓட்டு முடியும்வரை கையிலுள்ள வேலையை விடாதீர்கள். ஓட்டு நடக்காமலே செனட்டின் கூட்டத்தொடர் முடிந்தால், முன்மொழிந்த பெயர் ஜனாதிபதிக்கே திரும்பி வந்துவிடும், மறுபடி அனுப்ப வேண்டும். 2012 ஜூனில் வந்த சீனிவாசனின் பெயர் அப்படித்தான் திரும்பியது. மறுபடி அனுப்பப்பட்டு, 2013 மே மாதம் 97-0 என்று நிறைவேறியது.

பதவி ஆயுளுக்கும். 65 வயதும் 15 வருடப் பணியும் சேர்ந்தால், முழுச் சம்பளத்தோடு வழக்குச் சுமையைக் குறைத்துக்கொண்டு மூத்த நீதிபதியாகத் தொடரலாம்.