பரிமாற்ற இறுதிநாளுக்குப் பின் அணியின் போக்கைப் பற்றி விவாதிப்பது எப்படி

வட அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டியான என்.பி.ஏ. கூடைப்பந்தாட்டத்தில் அணிகள் வீரர்களைப் பரிமாறிக்கொள்வதற்கான இறுதிநாள், பெப்ரவரி முற்பகுதியில் வரும் வியாழக்கிழமை ஒன்றில், அமெரிக்கக் கிழக்கு நேரப்படி பிற்பகல் 3 மணிக்கு முடிவடைகிறது. யாழ்ப்பாணத்தில் அப்போது வெள்ளிக்கிழமை அதிகாலை 1.30 மணி. ரொறன்ரோவிலும் ஸ்காபரோவிலும் உறவினர் இல்லாத குடும்பம் இங்கே அரிது என்பதால், நமது கூடைப்பந்தாட்ட இரசிகர்களில் பலருக்கு ரொறன்ரோ ராப்டர்ஸே சொந்த அணி. அன்று மாலை பாடசாலைத் திடலில் பயிற்சி முடித்துக் கூடுகின்ற பழைய மாணவர்களிடையிலும், கனடாவிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளிலும், அணி எங்கே போகின்றது என்ற ஒரே கேள்விதான் ஓடும். அந்தக் கேள்வியைப் பயனுள்ள முறையில் விவாதிப்பதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், எதை முதலில் கேட்க வேண்டும் என்பதையே இங்கு எழுதுகிறேன். உதாரணங்களைப் பெரும்பாலும் ரொறன்ரோ அணியிலிருந்து எடுத்திருக்கிறேன். முறை எந்த அணிக்கும் பொருந்தும்.

முதலில், அந்த இரவிலேயே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். 1.30 மணிக்கு நமக்குக் கிடைப்பது பெயர்கள் மட்டுமே. எந்த ஆண்டின் தெரிவு (புதிய வீரர்களை முறைப்படி தேர்ந்தெடுக்கும் உரிமை) கைமாறியது, அதற்கு என்ன காப்பு நிபந்தனை (தெரிவு குறித்த முன்னிடங்களுக்குள் விழுந்தால் கொடுத்த அணியே அதனை வைத்துக்கொள்ளும் என்பது) போடப்பட்டது, எந்த வீரரின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பவை பிறகே முழுமையாக வெளிவரும். சில வேளைகளில் பரிமாற்றமே நிலைக்காமல் போய்விடும்: 2025இல் லேக்கர்ஸ் அணி சார்லட் அணியிடமிருந்து மார்க் வில்லியம்ஸ் என்ற சென்டரைப் பெற இணங்கியிருந்தது, இறுதிநாள் கடந்த பின் மருத்துவப் பரிசோதனையைக் காரணமாகக் கொண்டு அதனை இரத்துச் செய்தது. வெள்ளிக்கிழமை மாலை வரை பொறுத்திருந்து கதைப்பவருக்கு இழப்பு எதுவும் இல்லை.

விவாதம் தொடங்கியவுடன் கேட்க வேண்டிய முதற்கேள்வி, வந்தவர் நல்லவரா போனவர் நல்லவரா என்பதன்று. இந்த அணி எந்த ஆண்டில் வெல்வதற்காகக் கட்டப்படுகின்றது என்பதே முதற்கேள்வி. அந்த ஆண்டைப் பற்றி உடன்பாடு இல்லாத இருவர், வீரர்களின் புள்ளிகளையும் ரீபவுண்டுகளையும் எவ்வளவு நேரம் ஒப்பிட்டாலும் ஒரு முடிவுக்கும் வரமாட்டார்கள். ஏனெனில் ஒருவர் இந்தப் பருவகாலத்தைப் பற்றியும் மற்றவர் நான்கு ஆண்டுகளுக்குப் பிந்திய பருவகாலத்தைப் பற்றியும் கதைத்துக்கொண்டிருப்பார்.

இதற்கு ரொறன்ரோவின் வரலாற்றிலேயே இரண்டு தெளிவான உதாரணங்கள் உள்ளன. 2019 பெப்ரவரி 7ஆம் திகதி, இறுதிநாளன்று, அந்த அணி 34 வயதான மார்க் கசோலை மெம்பிஸிடமிருந்து பெற்றது. அவருக்காக யோனாஸ் வலன்சியூனஸ், டெலோன் ரைட், சி.ஜே. மைல்ஸ் ஆகியோரையும் ஓர் இரண்டாம் சுற்றுத் தெரிவையும் கொடுத்தது. அணியின் முதன்மை வீரர் கவாய் லெனார்டின் ஒப்பந்தம் அந்தக் கோடையில் முடியக்கூடியதாக இருந்தது. ஆகவே அணி கட்டப்பட்ட ஆண்டு 2019 என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. வயது கூடிய, விளையாட்டை நுணுக்கமாக அறிந்த ஒரு சென்டரை எடுத்தது அந்த இலக்கோடு முற்றிலும் பொருந்தியது. ஜூன் மாதம் அணி சம்பியனானது. அடுத்த மாதமே லெனார்ட் போய்விட்டார். அந்த விலையை அணி தெரிந்தே ஏற்றது.

2023இல் நடந்தது வேறு. வென்ற ஆட்டங்களை விடத் தோற்றவை அதிகமாக இருந்த நிலையில், ரொறன்ரோ ஜேக்கப் பொல்ட்டிலை சான் அன்ரோனியோவிடமிருந்து வாங்கியது. முதல் ஆறு இடங்களுக்குக் காப்பு வைத்த 2024ஆம் ஆண்டின் முதற்சுற்றுத் தெரிவை அதற்காகக் கொடுத்தது. தனது வீரர் ஃபிரெட் வான்விளீட்டின் ஒப்பந்தம் கோடையில் முடியக்கூடியதாக இருந்தும் அவரை மாற்றவில்லை. பருவகாலம் 41 வெற்றி, 41 தோல்வி என முடிந்து, இறுதிக்கட்டச் சுற்றுகளுக்குள் நுழைவதற்கான பிளே-இன் ஆட்டத்தில் சிக்காகோவிடம் அணி தோற்றது. ஜூலையில் வான்விளீட் ஹூஸ்டனுக்குச் சென்றார்; பதிலாக ரொறன்ரோவுக்கு எதுவும் கிடைக்கவில்லை. பொல்ட்டில் திறமையானவர் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இறுதிநாளில் அணி எந்த ஆண்டை இலக்காக வைத்திருந்தது என்று கேட்டால், விடையாக ஓர் ஆண்டைச் சொல்ல முடியாது. 2023 என்றால் பலம் போதாது, 2026 என்றால் தெரிவைக் கொடுத்திருக்கக் கூடாது. இலக்கு ஆண்டு இல்லாமல் செய்யப்படும் பரிமாற்றமே ஓர் அணிக்கு மிகுந்த கேடு விளைவிப்பது என்பது எனது உறுதியான எண்ணம். தோற்பதற்குத் தீர்மானித்து இளையவர்களைச் சேர்ப்பதைக்கூட அதைவிடத் துணிவாக ஆதரிப்பேன்.

இலக்கு ஆண்டைக் கண்டுபிடிப்பதற்கு இலகுவான வழி, அணியின் முக்கிய நான்கைந்து வீரர்களின் வயதையும் ஒப்பந்தம் முடியும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதிப் பார்ப்பதுதான். 2025 பெப்ரவரியில் ரொறன்ரோ, புரூஸ் பிரவுண், கெலி ஒலினிக், ஒரு முதற்சுற்றுத் தெரிவு, ஓர் இரண்டாம் சுற்றுத் தெரிவு ஆகியவற்றை நியூ ஒர்லியன்ஸுக்குக் கொடுத்து பிரண்டன் இங்ரமைப் பெற்று, சில நாட்களிலேயே அவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு 120 மில்லியன் டொலர் ஒப்பந்தமும் வழங்கியது. இங்ரமுக்கு அப்போது 27 வயது, ரொறன்ரோவின் இளம் வீரர் ஸ்கொட்டி பார்ன்ஸுக்கு 23. கணுக்கால் காயத்தோடு வந்த இங்ரம் அந்தப் பருவகாலத்தில் ரொறன்ரோவுக்காக ஆடவேயில்லை. ஆகவே அது 2025க்காகச் செய்யப்பட்ட பரிமாற்றம் அன்று என்பது தாளைப் பார்த்தவுடன் தெரியும். பார்ன்ஸ் தனது முழு வலுவை எட்டும் காலத்தில் இங்ரமும் முதிர்ந்த நிலையில் இருப்பார் என்ற கணக்கே அதன் உள்ளடக்கம். அந்தக் கணக்குச் சரியா என்பதே விவாதிக்கத் தக்கது.

அடுத்து பணம். இதனைத் தவிர்த்துவிட்டு அணியின் போக்கைப் பற்றிக் கதைக்க இயலாது. 2025-26 பருவகாலத்தில் சம்பள வரம்பு ஏறத்தாழ 154.6 மில்லியன் டொலர், ஆடம்பர வரி தொடங்கும் எல்லை 187.9 மில்லியன், அதற்கும் மேலே பரிமாற்றக் கட்டுப்பாடுகள் தொடங்கும் எல்லைகளான முதலாவது ஏப்ரன் 195.9 மில்லியன், இரண்டாவது ஏப்ரன் 207.8 மில்லியன். முதலாவதைத் தாண்டிய அணி, தான் அனுப்பும் சம்பளத்தைவிடக் கூடிய சம்பளத்தைப் பரிமாற்றத்தில் பெற முடியாது. இரண்டாவதைத் தாண்டிய அணி, இரு வீரர்களின் சம்பளங்களைக் கூட்டி ஒரு பெரிய வீரரை வாங்கவும் முடியாது. அதன் ஏழு ஆண்டுகளுக்கு அப்பாலுள்ள முதற்சுற்றுத் தெரிவும் பரிமாற முடியாதபடி முடக்கப்படும். 2024இல் சம்பியனான பொஸ்டன், 2025 கோடையில் ஜ்ரூ ஹொலிடேயையும் கிறிஸ்டப்ஸ் போர்ஸிங்கிஸையும் விட்டுக்கொடுத்ததற்கு இந்த இரண்டாவது ஏப்ரனே பெரும் காரணம். ஆகவே “ஏன் அந்த நட்சத்திரத்தை வாங்கவில்லை” என்று எவரேனும் கேட்டால், சம்பளத்தைப் பொருத்துவதற்கு யாரை அனுப்பியிருக்கலாம் என்று அவரிடமே திருப்பிக் கேளுங்கள். பெயர் சொல்ல முடியாதபோது அந்தக் கிளைவாதம் தானாகவே முடிந்துவிடும்.

தெரிவுகளைப் பற்றிய பகுதிதான் இந்த விவாதத்தில் மிகவும் வளமானது. பலர் அதனை “இரண்டு ஃபெஸ்ட் ரவுண்ட் குடுத்திட்டாங்கள்” என்ற ஒரே வசனத்தோடு முடித்துவிடுகிறார்கள். முதற்சுற்றுத் தெரிவு எல்லாம் ஒரே பெறுமதி கொண்டதன்று. அது யாருடைய தெரிவு, எந்த ஆண்டுக்குரியது, எந்த இடம் வரை காப்புள்ளது என்ற மூன்றையும் சொல்லாமல் அதன் எண்ணிக்கையை மட்டும் சொல்வது பயனற்றது. ஓர் அணி அடுத்தடுத்த இரண்டு எதிர்கால ஆண்டுகளில் முதற்சுற்றுத் தெரிவு எதுவும் இல்லாமல் இருக்கும்படி பரிமாற்றம் செய்ய விதி இடமளிப்பதில்லை. 1980களின் தொடக்கத்தில் தமது அணியின் தெரிவுகளை அள்ளிக் கொடுத்த கிளீவ்லண்ட் உரிமையாளர் டெட் ஸ்டெப்பியனின் பெயரால் அந்த விதி அழைக்கப்படுகிறது. ஆகவே தூரத்து ஆண்டுகளின் தெரிவுகளை அடகு வைக்கும் அணிக்கு, வைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு.

இந்தியானாவின் 2026ஆம் ஆண்டு முதற்சுற்றுத் தெரிவு பயணம் செய்த வழியைப் பாருங்கள். 2024 ஜனவரியில் ரொறன்ரோ இந்தியானாவுக்கு அனுப்பிய பஸ்கல் சியாக்கமுக்குப் பதிலாகக் கிடைத்தவற்றுள் ஒன்றாக, முதல் நான்கு இடங்களுக்குக் காப்போடு அது ரொறன்ரோவுக்கு வந்தது. ஓராண்டின் பின், அதே தெரிவை ரொறன்ரோ இங்ரமுக்காக நியூ ஒர்லியன்ஸுக்குக் கொடுத்தது. இந்தியானா இறுதிச்சுற்றில் ஆடிக்கொண்டிருந்த 2025 ஜூனில், நியூ ஒர்லியன்ஸ் அதனை இந்தியானாவுக்கே திருப்பிக் கொடுத்து, அவ்வாண்டின் 23ஆம் தெரிவைப் பெற்றது. சில நாட்களின் பின், இறுதிச்சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் இந்தியானாவின் முதன்மை வீரர் டைரீஸ் ஹலிபேர்ட்டனின் குதிகால் தசைநாண் அறுந்தது. இந்தியானாவின் அடுத்த பருவகாலம் முழுவதும் அவரின்றிக் கழிய வேண்டியதாயிற்று. இறுதிச்சுற்றுக்கு வந்த அணியின் தெரிவு என்று மதிப்பிடப்பட்ட ஒன்று, ஒரே இரவில் வேறொரு பொருளாக மாறியது. தெரிவு ஒன்றைப் பற்றிக் கதைக்கும்போது நாம் உண்மையில் இன்னோர் அணியின் எதிர்காலத்தைப் பற்றியே ஊகிக்கிறோம் என்பதை நினைவில் வைத்திருந்தால், அளவுக்கு மிஞ்சிய உறுதியோடு கதைப்பது குறையும்.

தோற்று நல்ல தெரிவைப் பெற வேண்டும் என்று வாதிடுபவர்களும், மோசமான அணிகளிடையே தெரிவு வரிசையைத் தீர்மானிக்கும் சீட்டிழுப்பான லொத்தரின் கணக்கைச் சொல்ல வேண்டும். 2019இல் அறிமுகமான முறையில், மிக மோசமான மூன்று அணிகளுக்கும் முதலிடம் கிடைக்கும் வாய்ப்பு தலா 14 வீதம் மட்டுமே. ரொறன்ரோ 2021இல் ஏழாம் நிலையிலிருந்து நான்காம் இடத்துக்கு உயர்ந்து பார்ன்ஸைப் பெற்றது. 2024இல் ஆறாம் நிலையிலிருந்து எட்டாம் இடத்துக்கு இறங்கியதால் பொல்ட்டிலுக்காகக் கொடுத்த தெரிவு சான் அன்ரோனியோவுக்குப் போனது. 2025இல் ஏழிலிருந்து ஒன்பதுக்கு இறங்கியது. தோல்வியை ஒரு திட்டமாகப் பரிந்துரைப்பவர், இந்த மூன்று முடிவுகளில் எது வந்தாலும் அணி தாங்குமா என்பதற்கும் விடை வைத்திருக்க வேண்டும்.

முடிவையும் அதன் விளைவையும் பிரித்துப் பார்ப்பது எல்லாவற்றிலும் கடினமானது. 2025 பெப்ரவரியில் டலஸ் அணி 25 வயதான லூக்கா டொன்சிச்சை லேக்கர்ஸுக்கு அனுப்பி, அன்ரனி டேவிஸ், மக்ஸ் கிறிஸ்டி, 2029ஆம் ஆண்டின் ஒரு முதற்சுற்றுத் தெரிவு ஆகியவற்றைப் பெற்றது. டேவிஸ் தமது முதல் ஆட்டத்திலேயே காயமடைந்தார். பிறகு மே மாதத்தில், வெறும் 1.8 வீத வாய்ப்போடு இருந்த டலஸ் லொத்தரில் முதலிடம் பெற்று கூப்பர் ஃபிளாக்கைத் தெரிவுசெய்தது. காயத்தைக் காட்டி அந்த முடிவு பிழை என்பதும், ஃபிளாக்கைக் காட்டி அது சரி என்பதும் ஒரே வகையான தவறு; இரண்டுமே முடிவெடுத்த வேளையில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. முந்திய ஆண்டில் அணியை இறுதிச்சுற்றுக்குக் கொண்டு சென்ற 25 வயது வீரரை, ஏனைய அணிகளிடமும் விலை கேட்காமல் கொடுத்தது பிழை என்று நான் கருதுகிறேன். இந்தக் காரணம் அன்றைக்கே கையில் இருந்தது.

கதைக்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நமது திடல்களில் விவாதம் பெரும்பாலும் மூத்த மாணவருக்கும் இளையவருக்கும் இடையில் நடக்கிறது. மூத்தவர் சொன்னார் என்பதற்காக இளையவர் வாய்மூடினால் விவாதம் இல்லை. மரியாதையை விட்டுக் கதைத்தால் மறுநாள் விவாதிக்க ஆள் இருக்காது. கேள்வியைப் பிரித்துக் கேட்பதே இரண்டுக்கும் நடுவிலுள்ள நல்ல வழி. “அண்ணை, இங்ரமை எடுத்தது பிழை எண்டு சொல்லுறியளோ, இல்லாட்டி அவருக்குக் குடுத்த காசு கூட எண்டு சொல்லுறியளோ?” என்று இளையவர் கேட்கலாம். அதற்கு, “ஆளை எடுத்தது சரி தம்பி, மூண்டாவது வருசத்துக் காசுதான் எனக்கு யோசனை” என்று விடை வந்தால், பத்து நிமிடச் சண்டை ஒன்று தவிர்க்கப்பட்டு, இருவரும் உண்மையில் வேறுபடும் ஒரே புள்ளி வெளிவந்துவிடும்.

ஸ்காபரோவிலிருந்து கதைக்கும் சித்தப்பாவோ மைத்துனரோ அவசரப்படுவதையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் குளிரில் வெளிக்கிட்டு, நுழைவுச்சீட்டுக்குப் பணம் கொடுத்து அரங்கில் இருக்கிறார்கள், மாலை 7.30 ஆட்டத்தை நாம் இங்கே காலை 6 மணிக்குத் தேநீரோடு பார்க்கிறோம். 2028இல் நல்ல அணி வரும் என்று அவர்களுக்குச் சொல்வது நமக்கு இலகு. அதே வேளை, அரங்கில் இருப்பவருக்குத் தெரிவது நமக்குத் திரையில் தெரிவதில்லை: ஆட்டம் நிற்கும்போது வீரர்கள் ஒருவரோடொருவர் கதைக்கிறார்களா, மாற்று வீரர் உள்ளே வரும்போது யார் எழுந்து நிற்கிறார் என்பதை அவர்களிடம் கேட்டறியுங்கள்.

வெள்ளிக்கிழமை விவாதம் முடியும்போது, ஒவ்வொருவரும் தமது கருத்தைச் சரிபார்க்கக்கூடிய ஒரு வசனமாக எழுதி வைக்க வேண்டும். “இந்தப் பரிமாற்றம் மோசம்” என்பதைச் சரிபார்க்க முடியாது; “அடுத்த பருவகாலத்தில் அணி முதல் ஆறு இடங்களுக்குள் வராது” என்பதைச் சரிபார்க்கலாம். அந்தத் தாளை மே மாத லொத்தருக்குப் பின் ஒரு தடவையும், ஜூலையில் ஒப்பந்தங்கள் கையெழுத்தான பின் ஒரு தடவையும் எடுத்துப் பாருங்கள். அடுத்த பெப்ரவரியில் புதிய பரிமாற்றங்கள் வருவதற்கு முன்பு, அதே ஆட்களை அதே திடலில் இருத்தி, ஒவ்வொருவரின் வசனத்தையும் அவரவரே சத்தமாக வாசிக்கச் செய்யுங்கள்.